சர்க்கரையா, பாலா, இரண்டுமா: எதை முதலில் குறைப்பது?

“திங்கட்கிழமையிலிருந்து சர்க்கரையும் கிடையாது, பாலும் கிடையாது. முடிவு பண்ணிட்டேன்” என்றார் கூட வேலை பார்க்கும் நண்பர். அது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த புதன்கிழமை பார்த்தால், ஒரு கையில் ஓட்ஸ் பால் ஊற்றிய காபி, இன்னொரு கையில் ‘பால் சேர்க்காதது’ என்று பச்சை எழுத்தில் பெரிதாக அச்சிட்ட பிஸ்கட் பாக்கெட். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். 100 கிராமுக்கு 28 கிராம் சர்க்கரை. பால் சேர்க்கவில்லை என்பது என்னவோ உண்மைதான்.

அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அதே கேள்வியோடு நிற்பவர்கள் நிறையப் பேர்: இரண்டையும் ஒன்றாக விடுவதா, ஒன்றை மட்டுமா, விடாமல் குறைத்தால் போதுமா, மாற்றுப் பொருளுக்குப் போவதா? ‘சர்க்கரையும் பாலும்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால் இரண்டும் ஒரே வகைச் சிக்கல் போலத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சர்க்கரையை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கலாம். உடம்பு எதையும் திருப்பிக் கேட்காது. பாலை எடுத்தால் கால்சியம், புரதம், வைட்டமின் பி12, அயோடின் எல்லாம் சேர்ந்து போகின்றன. அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் உரசிப் பார்க்கிறேன்.

ஒன்று, இதில் உடம்பு எதை இழக்கிறது. இரண்டு, எடுத்த இடத்தில் என்ன வந்து உட்காருகிறது. பெரும்பாலான முயற்சிகள் கவிழ்வது இந்த இரண்டாவதில்தான். நண்பரின் பிஸ்கட் அதற்குச் சாட்சி. மூன்று, பலன் கிடைத்தால் அது எதனால் என்று தெரியுமா. வயிற்று உப்புசம் குறைந்தது, சரி. எதை விட்டதால் குறைந்தது? நான்கு, இது எத்தனை நாள் தாங்கும். வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவது, வெளியே சாப்பிடுவது, யார் சமைக்கிறார்கள் என்பதெல்லாம் இந்தக் கடைசிக் கேள்விக்குள் அடக்கம்.

இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: எதற்காகக் குறைக்கிறீர்கள்? எடைக்கா, பல்லுக்கா, ரத்தச் சர்க்கரைக்கா, கொலஸ்ட்ராலுக்கா, வயிறு படுத்தும் பாட்டுக்கா? ‘ஆரோக்கியத்துக்கு’ என்று பொதுவாகச் சொன்னால் எந்த வழியும் சரியாகத்தான் தெரியும்.

## ஒரு சின்னக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரை இது: ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் கீழே சர்க்கரையிலிருந்து வரட்டும், 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 10 சதவீதம் என்றால் 50 கிராம், 5 சதவீதம் என்றால் 25 கிராம். தட்டையாக எடுத்த ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். ஆக மேல் வரம்பு பன்னிரண்டு ஸ்பூன், நல்ல வரம்பு ஆறு ஸ்பூன்.

இந்தக் கணக்கில் எது வரும், எது வராது என்பதில்தான் குழப்பம். நாம் போடும் சர்க்கரை, தொழிற்சாலை போடும் சர்க்கரை, தேன், சிரப், பழச்சாறு எல்லாம் வரும். முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை வராது. பாலில் இயல்பாக இருக்கும் லாக்டோஸும் வராது.

ஆனால் லேபிள் இவற்றைப் பிரித்துச் சொல்லும் என்று நம்பிவிட வேண்டாம். அமெரிக்க லேபிளில் ‘சேர்த்த சர்க்கரை’ தனி வரியாக வரும். ஐரோப்பிய லேபிளில் மொத்தச் சர்க்கரை மட்டும்தான். அப்போது நாமே கழித்துப் பார்க்க வேண்டியதுதான். பழச் சுவையூட்டிய தயிர், 150 கிராம் கப், 100 கிராமுக்குச் சர்க்கரை 12 கிராம் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கப் முழுக்க 18 கிராம். வெறும் தயிரில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் இருக்கும், கப்புக்கு ஏழரை. மிச்சம் பத்துச் சொச்சம், அதாவது இரண்டரை ஸ்பூன், வெளியிலிருந்து வந்தது. தயிரைக் குற்றம் சொல்வதா சர்க்கரையைக் குற்றம் சொல்வதா என்பது இந்தக் கழித்தலைப் போட்டால் தெரிந்துவிடும்.

## வழி 1: இரண்டையும் ஒரே நாளில் நிறுத்துவது

இதில் ஒரு வசதி இருப்பதை மறுக்க முடியாது. ‘கொஞ்சமாக’ என்றால் கை நிற்காது, ‘கிடையவே கிடையாது’ என்றால் நின்றுவிடும் என்று சிலருக்கு இருக்கும். அவர்களுக்குப் பேரம் பேசும் வேலை மிச்சம்.

சிக்கல் மூன்றாவது கேள்வியில். இரண்டையும் சேர்த்து விட்டுவிட்டு, மூன்று வாரத்தில் வயிறு லேசானால், அதற்குக் காரணம் பாலா, சர்க்கரையா, இரண்டும் சேர்ந்த கேக், ஐஸ்கிரீம் வகையறாவா? தெரியாது. தெரியாததால், தேவையே இல்லாமல் ஏதோ ஒன்றை வாழ்நாள் முழுக்க ஒதுக்கி வைப்போம்.

முதல் வாரத் தலைவலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘சர்க்கரையை விட்டதால் வருகிறது’ என்று பலர் சொல்வார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாமல் காபி இறங்காது என்பவர் அவை இரண்டோடு காபியையும் சேர்த்து விட்டிருப்பார். தினமும் குடித்த காபியைச் சட்டென்று நிறுத்தினால் தலைவலி வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். தலைவலிக்குச் சர்க்கரையைக் காரணம் சொல்வதற்கு முன் எத்தனை கப் காபி குறைந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வழி சரியாக வருவது ஒரே சூழலில்தான்: இரண்டு முதல் நான்கு வாரம் என்று நாள் குறித்து, அதன்பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது தொந்தரவு செய்கிறது என்று பார்க்கும்போது. அதையும் உணவியல் வல்லுநர் ஒருவரின் துணையோடு செய்தால் நல்லது. திரும்பச் சேர்த்துப் பார்க்கும் பாதி இல்லாவிட்டால் அது சோதனை ஆகாது, வெறும் விரதம்.

## வழி 2: சர்க்கரையை மட்டும், படிப்படியாக

நான் போன வழி இது. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தேநீருக்கு இரண்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு மூன்று தடவை. எட்டு கிராம், மூன்று தடவைக்கு இருபத்து நான்கு. வரம்புக்குள்தானே இருக்கிறோம் என்று ரொம்ப நாள் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் சமையலறைத் தராசில், வழக்கமாக அள்ளும் விதத்தில் ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டுப் பார்த்தேன். 7 கிராம். நான் அள்ளியது தட்டை ஸ்பூன் இல்லை, கோபுரம். கணக்கு 42 கிராமுக்குப் போய்விட்டது. இன்னும் பிஸ்கட், ஜாம், சாஸ் எதையும் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு செய்தது ஒன்றே ஒன்று. கோபுரத்தை இடித்தேன். ஸ்பூனின் மேல் கத்தியின் முதுகால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. பத்து நாளைக்கு ஒரு தடவை கால் ஸ்பூன் குறைத்தேன். இரண்டு ஸ்பூன் அரை ஸ்பூனாக வர இரண்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் முதல் இரண்டு நாள்தான் ‘என்ன இது, சப்பென்று’ என்று இருக்கும். அரை ஸ்பூனுக்குக் கீழே நான் போகவில்லை. போகத் தோன்றவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு என் பதில்: குடிப்பதிலிருந்து. 330 மில்லி கோலா கேனில் ஏறத்தாழ 35 கிராம், கிட்டத்தட்ட ஒன்பது ஸ்பூன். அதைத் தட்டில் கொட்டிக் காட்டினால் யாரும் சாப்பிட மாட்டோம், குடித்தால் தெரியாது. ஆரஞ்சுச் சாறு ‘இயற்கை’தான், ஆனால் 250 மில்லி தம்ளரில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், நாரோ கொஞ்சம்தான். பழத்தை உரித்து அப்படியே தின்றால் இரண்டோடு வயிறு நிறைந்துவிடும். ஒரு தம்ளர் சாற்றில் அதைவிடக் கூடுதலாகப் பிழிந்திருப்பார்கள்.

பானங்களுக்கு அடுத்தது வேளைகளுக்கு இடையே கொறிப்பது. பல்லுக்காகக் குறைப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை தடவை என்பதும் பல்லுக்குக் கணக்கு. இனிப்பு வாயில் பட்டதும் பாக்டீரியாக்கள் அமிலம் உண்டாக்கத் தொடங்கும். அரை மணிக்கு ஒரு வாய் என்று இனிப்புக் காபியை நாள் முழுக்க உறிஞ்சினால் பல்லுக்கு ஓய்வே இல்லை. கடைசியாகத்தான் சாஸ், பிரெட், காலை உணவுத் தானியம் போன்றவற்றில் ஒளிந்திருக்கும் சர்க்கரை. பலர் தலைகீழாகப் போகிறார்கள்: சாஸ் பாட்டிலின் லேபிளை உருப்பெருக்கி வைத்துப் படிப்பார்கள், மேசை மேல் குளிர்பானம் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு இல்லாமல் இல்லை. இனிப்பு போன இடத்தில் எண்ணெயில் பொரித்த காரம் வந்து உட்காருவது சகஜம். வீட்டில் கேக் செய்பவர்களுக்கு இன்னொன்று: சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்தைப் பிடித்துவைக்கவும்தான். கால் பங்கு குறைத்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். பாதியாகக் குறைத்தால் கேக் வறண்டு போகும். ஜாமில் குறைத்தால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். அங்கே சர்க்கரைதான் காவல்.

இன்சுலினோ, சர்க்கரையைக் கீழே தள்ளும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறைக்க வேண்டும். சாப்பாட்டில் சர்க்கரை இறங்கி, மருந்தின் அளவு அப்படியே இருந்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

மற்றபடி இந்த வழியில் உடம்பு இழப்பது எதுவும் இல்லை. தனியாகச் செய்யலாம், வீட்டில் யாருக்கும் சமையல் மாறாது. எடை, பல், ரத்தச் சர்க்கரை என்று வருபவர்களுக்கு வேறு வழி தேட வேண்டியதே இல்லை.

## வழி 3: இனிப்பை விடாமல் சர்க்கரையை மாற்றுவது

தேன், வெல்லம், பழுப்புச் சர்க்கரை என்று போனால் பெயர்தான் மாறும். தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் தேன் எடையும் கூடுதல், சுமார் 7 கிராம். அதில் சர்க்கரை 6 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஒரு தட்டை ஸ்பூன் சர்க்கரையைவிட அதிகம். சுவைக்காகப் போடுங்கள், தப்பில்லை. குறைத்துவிட்டோம் என்று நினைத்துப் போடாதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது; பொட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு அது வழி.

செயற்கை இனிப்பூட்டிகளின் கதை வேறு. எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னது. இந்த இரண்டாவது பாதியை யாரும் பரப்புவதில்லை. அதே ஆண்டு ஜூலையில், டயட் பானங்களில் போடும் ஆஸ்பர்டேம் என்ற இனிப்பூட்டியை அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ‘புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளது’ என்ற 2பி பிரிவில் வைத்தது. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை அப்படியே வைத்துக்கொண்டது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த வரம்பைத் தாண்ட ஒரு நாளில் 9 முதல் 14 கேன் டயட் பானம் குடிக்க வேண்டியிருக்கும். பீதி அடைய ஒன்றும் இல்லை, கொண்டாடவும் ஒன்றும் இல்லை.

என்னுடைய தயக்கம் வேறு. நாக்கு அதே இனிப்பிலேயே நிற்கும். படிப்படியாகக் குறைத்தால் சில வாரத்தில் பழைய அளவு திகட்டத் தொடங்கும். மாற்று இனிப்பில் அது நடப்பதற்கு வழியே இல்லை. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விற்கும் சாக்லேட்டில் மால்டிடால் மாதிரியான சர்க்கரை ஆல்கஹால் (பெயர்தான் அப்படி, இதுவும் ஒரு வகை இனிப்பூட்டி) இருந்தால், ஒரு முழு பார் தின்ற பிறகு வயிறு பேசத் தொடங்கும். பாலை விட்டும் உப்புசம் போகவில்லை என்பவர்கள் இதையும் ஒரு கண் பாருங்கள். வீட்டில் நாய் இருந்தால், இதே வகையைச் சேர்ந்த சைலிட்டால் உள்ள எதையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு நாயைக் கொன்றுவிடும்.

தினமும் மூன்று நான்கு பாட்டில் குளிர்பானம் என்ற நிலையில் இருப்பவருக்கு மட்டும் இது நல்ல பாலம். தண்ணீருக்கு நேரே தாவச் சொன்னால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

## வழி 4: பாலை விடாமல் குறைப்பது, அல்லது வடிவத்தை மாற்றுவது

‘எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்பவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது பால் இல்லை, ஒரு தம்ளர் பாலை வெறும் வயிற்றில் மடக்கென்று குடிப்பது.

காரணம் இது. பாலில் இருக்கும் லாக்டோஸை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பெரும்பாலான மனிதர்களுக்கு அது குறைந்துவிடும். உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸ் முழுதாகச் செரிப்பதில்லை. ஆகவே இதை நோய் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளிக்கும்: வாயு, உப்புசம், சிலருக்குக் கழிச்சல். இருந்தாலும் அவர்களில் பெரும்பாலோர் ஒரே தடவையில் 12 கிராம் வரை லாக்டோஸைப் பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குவார்கள். 200 மில்லி பாலில் இருப்பது சுமார் 10 கிராம்.

அப்படியானால் செய்து பார்க்க நிறைய இருக்கிறது. அரைத் தம்ளராகக் குறைக்கலாம், சாப்பாட்டோடு குடிக்கலாம். தயிருக்கு மாறலாம், உயிருள்ள தயிர் பாக்டீரியாக்கள் லாக்டோஸைச் செரிக்கத் தாங்களே உதவும். கெட்டியான முதிர்ந்த சீஸில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. லாக்டோஸ் நீக்கிய பால் என்று விற்பது வேறு ஒன்றும் இல்லை, அதே பாலில் அந்த நொதியைச் சேர்த்து முன்கூட்டியே உடைத்து வைத்தது. லாக்டோஸ் உடைந்தால் குளுக்கோஸும் காலக்டோஸும் வரும். அவை கூடுதல் இனிப்பு. அதனால் அந்தப் பால் கொஞ்சம் இனிக்கும். சர்க்கரை போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம். தேநீருக்கு ஊற்றினால் கால் ஸ்பூன் சர்க்கரை மிச்சம் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் பால் ஒவ்வாமை முற்றிலும் வேறு. அது பாலின் புரதத்தை உடம்பின் எதிர்ப்பு அமைப்பு எதிரியாகப் பார்ப்பது. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆபத்துதான். ஒரு துளிகூடச் சோதித்துப் பார்க்கக் கூடாது. அதே மாதிரி, வயிற்றுத் தொந்தரவோடு காரணமில்லாமல் எடை குறைவதோ மலத்தில் ரத்தமோ இருந்தால், பாலை மாற்றிப் பார்க்கும் விளையாட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கொலஸ்ட்ராலுக்காகக் குறைப்பவர் பார்க்க வேண்டியது வேறு அலமாரியை. அங்கே லாக்டோஸ் கணக்கில்லை, நிறைவுற்ற கொழுப்புதான் கணக்கு. காபியில் விழும் இரண்டு ஸ்பூன் பாலை விடுத்து வெண்ணெய், கிரீம், சீஸ், நெய் ஆகியவற்றைக் குறைத்தால் எண் இறங்க வாய்ப்பு. பாலைக் கொழுப்பு குறைந்ததாக மாற்றினால் கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும்.

## வழி 5: பாலை நிறுத்தி மாற்றுப் பானத்துக்குப் போவது

ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், விலங்குகளிடமிருந்து வரும் எதையும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் இதுதான் வழி. அவர்களிடம் வாதாட எதுவும் இல்லை. மற்றவர்கள் ‘பால்’ என்ற பெயரை நம்பி மாறுவதற்கு முன் பாக்கெட்டின் பின்பக்கத்தில் மூன்று எண்களைப் பாருங்கள்: புரதம், சர்க்கரை, கால்சியம்.

மாட்டுப் பாலில் 100 மில்லிக்குப் புரதம் சுமார் 3.3 கிராம், கால்சியம் 120 மில்லிகிராம். சோயா பால் புரதத்தில் அதற்குப் பக்கத்தில் வரும். ஓட்ஸ் பாலில் 1 கிராம் போல. பாதாம் பாலில் பெரும்பாலும் அதற்கும் கீழே. பாதாமை அரைத்து வடிகட்டிய தண்ணீரைத்தான் இங்கே பாதாம் பால் என்கிறேன், நல்லதெல்லாம் வடிகட்டியிலேயே தங்கிவிடுகிறது. அரிசி, தேங்காய்ப் பானங்களில் புரதம் பேருக்குத்தான்.

ஓட்ஸ் பாலில் ஒரு சூட்சுமம். ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று முன்பக்கம் இருக்கும், பின்பக்கம் 100 மில்லிக்கு 3, 4 கிராம் சர்க்கரை என்று இருக்கும். இரண்டுமே பொய்யில்லை. தயாரிக்கும்போது நொதிகள் ஓட்ஸின் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கின்றன; இனிப்பு அங்கிருந்து வருகிறது. சர்க்கரைக் கணக்கில் பாலின் லாக்டோஸுக்குக் கிடைக்கும் விலக்கு பிரிட்டனின் வரையறையில் இதற்குக் கிடையாது. பாலையும் சர்க்கரையையும் சேர்த்துக் குறைக்க வந்தவர் ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொண்டு போவது இப்படித்தான்.

கால்சியம் சேர்த்த பானம் என்றால் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பாக்கெட் தீர்ந்ததும் கத்தரித்துப் பார்த்தேன். அடியில் விரலில் ஒட்டும் வெள்ளைப் பசை. இரண்டு வாரமாகக் கால்சியம் இல்லாத தண்ணீரைக் குடித்திருக்கிறோம், கடைசித் தம்ளர் குடித்தவரைத் தவிர. இயற்கை வேளாண்மை முத்திரை உள்ள பானங்கள் பலவற்றில் கால்சியம், வைட்டமின் எதையும் சேர்ப்பதில்லை. வீட்டில் நாமே அரைப்பதிலும் இராது.

சூடான காபியில் சோயா பால் ஊற்றினால் திரிந்துபோகும். காபியின் அமிலமும் சூடும் சேர்ந்து புரதத்தைத் திரட்டிவிடும். கெட்டுப்போனதல்ல. பாலை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, அதில் காபியை மெல்ல ஊற்றினால் பெரும்பாலும் சரியாக வரும்.

‘பால் வேண்டாம், கீரையில் கால்சியம் இருக்கிறதே’ என்பவர்களுக்கு: கீரைக்குக் கீரை வித்தியாசம். பாலக்கீரையில் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சலேட் அதிகம். அதில் உள்ள கால்சியத்தில் 5 சதவீதம் போலத்தான் உடம்பில் ஏறும், பாலில் இருந்து 30 சதவீதம் ஏறும். முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரைகள், கால்சியம் உப்பு போட்டுத் திரட்டிய டோஃபு (சோயா பால் கட்டி), முள்ளோடு தின்னும் சின்ன மீன் ஆகியவை நம்பத் தகுந்தவை. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 700 முதல் 1000 மில்லிகிராம் வரை என்று நாட்டுக்கு நாடு பரிந்துரை மாறும். கறி, மீன், முட்டை சாப்பிடாதவர் பாலையும் விட்டால் பி12-க்கு இயல்பான வழியே அடைபடும். அவருக்கு பி12 சேர்த்த உணவோ மாத்திரையோ கட்டாயம். பற்றாக்குறை மெதுவாக, சத்தமில்லாமல் வரும், நரம்பைப் பிடிக்கும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த வழியைத் தானாக எடுக்க வேண்டாம். சத்து சேர்த்த சோயா பானம் ஒன்றுதான் பாலுக்குப் பக்கத்தில் வரும். ஆர்செனிக் என்ற நச்சுப் பொருள் இருப்பதால் இந்த வயதில் அரிசிப் பானம் வேண்டாம் என்று பிரிட்டனில் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | உடம்பு இழப்பது | எடுத்த இடத்தில் வருவது | காரணம் தெரியுமா | யாருக்கு |
|---|---|---|---|---|
| இரண்டும் ஒரே நாளில் | கால்சியம், புரதம், பி12 | ‘பால் இல்லாத’ இனிப்புகள் | தெரியாது | நாள் குறித்த சோதனைக்கு |
| சர்க்கரை மட்டும் | எதுவும் இல்லை | பொரித்த காரம் | தெரியும் | எடை, பல், ரத்தச் சர்க்கரை |
| இனிப்பு மாற்று | எதுவும் இல்லை | அதே இனிப்புப் பழக்கம் | ஓரளவு | குளிர்பானத்தை விட முடியாதவர், நீரிழிவு உள்ளவர் |
| பால் குறைப்பு, தயிர், லாக்டோஸ் நீக்கிய பால் | மிகக் குறைவு | அநேகமாக ஒன்றும் இல்லை | இரண்டு வாரத்தில் தெரியும் | உப்புசம்; கொழுப்பு குறைந்த பாலாக இருந்தால் கொலஸ்ட்ரால் |
| மாற்றுப் பானம் | பானத்தைப் பொறுத்தது | சர்க்கரை வரலாம் | தெரியும் | ஒவ்வாமை, கொள்கை முடிவு |

## நானாக இருந்தால்

எடையோ பல்லோ காரணம் என்றால் பால் பக்கமே போக மாட்டேன். இரண்டாவது வழியில் இரண்டு மாதம். வயிறுதான் காரணம் என்றால், சர்க்கரையை அப்படியே விட்டுவிட்டு நான்காவது வழியில் இரண்டு வாரம்: முதலில் லாக்டோஸ் நீக்கிய பால். அதிலேயே உப்புசம் போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது, மாற்றுப் பானம் தேடி அலைய வேண்டாம். போகவில்லை என்றால் பால் குற்றவாளியாக இருக்க வாய்ப்புக் குறைவு, பழைய பாலுக்கே திரும்பிவிட்டு வேறு எங்கோ தேட வேண்டும். வயிற்றுப்போக்கு வந்து சரியான கையோடு பால் ஒத்துக்கொள்ளாமல் போனால் அவசரப்பட்டு முடிவு கட்ட மாட்டேன்; குடலின் உட்சுவர் தேறச் சில வாரம் ஆகும், நொதியும் திரும்பி வரும்.

இரண்டுமே காரணம் என்றால் சர்க்கரை முதலில், அது படிந்த பிறகு பால். நடுவில் ஒரு மாத இடைவெளி. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள், என்றைக்கு எதை எடுத்தோம் என்று தேதியோடு.

நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். பிஸ்கட் பாக்கெட்டை எனக்கே கொடுத்துவிட்டார். ஓட்ஸ் பால் காபி மட்டும் தொடர்கிறது, சுவை பிடித்துப்போனதாம். சர்க்கரை போடாமல் குடிக்கிறார் என்பதால் நானும் விட்டுவிட்டேன். நேற்று வந்து, “அப்போ வெண்ணெயில லாக்டோஸ் எவ்வளவு?” என்று கேட்டார். அநேகமாக இல்லை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டேன். தாளை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறாராம்.